கோடு போடுகிற மேசை
(திருவரங்குளம் மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மின்பொறியியல் முடிச்ச தம்பி ஒருத்தர் வந்ததும் கேட்டார்: "அண்ணே, எம்.இ. சேரப்போறேன். எந்தப் பிரிவுக்கு எதிர்காலம் இருக்கு?" முதல் தலைமுறையாகப் படிக்கிற நமக்கு இதை வீட்டில் கேட்க ஆளில்லை. அதனால் சபையிலேயே பதில் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16. கஜா புயல் நம்ம மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. குழி தோண்டினதிலும் கம்பம் தூக்கினதிலும் நம்ம சனம் இருந்தது. எந்தத் தெருவுக்கு முதலில் வெளிச்சம் என்று முடிவெடுத்த இடத்தில் நாம இல்லை. ஊர்த்தெருவில் விளக்கெரிந்த பிறகும் எங்க சேரி பல ராத்திரி இருட்டில் கிடந்தது. மின்சாரத்துக்குச் சாதி தெரியாது. கம்பி எந்த வழியாப் போகணும்னு கோடு போடுறவனுக்குத் தெரியும்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். மின்சாரமும் அவர் பொறுப்பு. மலிவான மின்சாரம் தாராளமாகக் கிடைக்காமல் இந்தியா தொழில்மயமாகாது, வறுமை தீராது என்று 1943இலேயே வாதிட்டவர். நமக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு கம்பம் தூக்குவதோடு முடிவதில்லை.

இப்ப பிரிவுக்கு வருவோம். என் கருத்து, பவர் எலக்ட்ரானிக்ஸ் அல்லது பவர் சிஸ்டம்ஸ். சூரியத்தகடு தருவது நேர்திசை மின்சாரம். தெருக்கம்பியில் ஓடுவது மாறுதிசை. நடுவில் மாற்றிக்கொடுப்பது இன்வெர்ட்டர். மின்வண்டியிலும் அதே வித்தைதான். இது பவர் எலக்ட்ரானிக்ஸ். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. பொழுது சாய்ந்தா அந்த உற்பத்தி படுத்துடும். வீட்டில் விளக்குப் போடும் நேரமும் அதுதான். அப்ப 50 ஹெர்ட்ஸ் குலையாமல் காக்கிற படிப்பு பவர் சிஸ்டம்ஸ்.

சிப் வடிவமைப்பில் சம்பளம் அதிகம் என்பார்கள். மனசு அதில் போனால் அதையே எடு. யாரோ சொன்னதை நம்பி மட்டும் எடுக்காதே. சேருமுன் ஆய்வகத்தைப் போய்ப் பார். கருவி ஓடுதா, பூட்டிக் கிடக்குதா?

கேட் தேர்வு எழுது. பட்டியல் சாதியினருக்குத் தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவில் மூன்றில் இரண்டு பங்கு. தேறி, ஏஐசிடிஇ அங்கீகாரம் உள்ள கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. சலுகை இல்லை, உரிமை. கூசாமல் வாங்கு.

அடுத்த புயலும் வரும். அன்னைக்கும் குழி தோண்ட நம்ம ஆள் இருப்பான். கோடு போடுற மேசையில் நம்ம பொண்ணு ஒருத்தியும் இருக்கணும்.

ஜெய்பீம்.