கொன்றை எப்போது பூத்தது?

(நமது கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பூந்தோட்டத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். உரம், பூச்சி விஷயமெல்லாம் மாமிகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே வைட்டிலாவில் ஆறு சென்ட் மனையில் இருந்துகொண்டு வஸந்தம் வருவதை எப்படி அறிவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பனி உருகுவதெல்லாம் நமக்குக் கிடையாது. மகர மாதக் குளிர் விலகுவதுதான் முதல் குறி. கவாத்து செய்த குண்டுமல்லி தளிர்விட்டு, நுனியில் மொட்டு கட்டும். விடியற்காலையில் குயில் கூவும். கொன்றை இலையை உதிர்க்கும், பிறகு சரம் சரமாகப் பூக்கும். மேட ஸங்க்ரமத்தை ஒட்டி அது பூக்க வேண்டும் என்பது நம் கணக்கு. விஷுக்கனி உருளியில் வெள்ளரிக்காய்க்குப் பக்கத்தில் கொன்றை வைப்பது அதனால்தான்.

இப்போது பல இடங்களில் பிப்ரவரியிலேயே பூத்து, விஷுவுக்குள் உதிர்ந்துவிடுகிறது. கடையில் பிளாஸ்டிக் கொன்றை விற்கிறார்கள். பகவானுக்கு முன்னால் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கொன்றை பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. மண்ணின் ஈரம் வற்றுவதும் வெயில் ஏறுவதும்தான் அதற்குக் கணக்கு. குறுந்தொகை 66-ஆம் பாட்டில் தோழி, காலமல்லாத மழையைக் கார்காலம் என்று எண்ணிப் பூத்துவிட்ட கொன்றையை அறிவில்லாத மரம் என்கிறாள். அங்கே அது கார்காலப் பூ, இங்கே கோடைப் பூ. ஆனாலும் மரம் ஏமாறும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது!

எங்கள் ஆத்து வாசல் கொன்றை 2014-ல் முதல் தடவை பூத்தபோது ஏப்ரல் 2-ஆம் தேதி. 2024-ல் பிப்ரவரி 19. நடுவில் முன்பின்னாகவும் இருந்திருக்கிறது. ஒரு மரத்தை வைத்துப் பூமி சூடாகிவிட்டது என்று தீர்ப்பு எழுத முடியாது, பி.எஸ்ஸி. படித்தவன் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. பல மரம், பல வருஷம் வேண்டும். ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரி மரங்கள் பூத்த நாட்கள் கி.பி. 812 முதல் பழைய நாட்குறிப்புகளில் கிடைக்கின்றன. 2021-ல் மார்ச் 26-ஆம் தேதியே முழுதும் பூத்துவிட்டது. அந்த 1200 வருஷத்தில் அதுவரை அவ்வளவு முந்தியதில்லை. இதை யார் மறுப்பது? நம் நாட்டில் 2010-ல் தொடங்கிய ‘சீசன்வாட்ச்’ திட்டத்தில் கேரளத்துப் பள்ளிக் குழந்தைகள் வாராவாரம் ஒரே மரத்தைப் பார்த்து, தளிர், மொட்டு, பூ, காய் உண்டா, கொஞ்சமா நிறையவா என்று எழுதுகிறார்கள். ரிடையர் ஆன நமக்கு நேரமில்லை என்று சொல்ல முடியுமா?

சமையலறைக் காலண்டரே போதும். மல்லியில் முதல் பூ விரிந்த நாள், கொன்றையில் முதல் சரம், கடைசிப் பூ உதிர்ந்த நாள், இடையில் மழை பெய்ததா என்று அந்தந்தக் கட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். வருஷம் முடிந்ததும் காலண்டரைப் பழைய பேப்பர்காரனிடம் போடாதீர்கள். விஷு கழிந்து வரும் கூட்டத்தில், எத்தனை பேர் ஆத்துக் கனியில் சொந்த மரத்துப் பூ இருந்தது என்று கேட்பேன்.