மாதம் 75 ரூபாய்

1904ஆம் வருஷம், கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளி. கணக்குப் பரிசு, பின்னாளில் கணித மேதையான ராமானுஜனுக்கு. முழு மதிப்பெண்கூட இந்தப் பையனுக்குப் போதாது என்றாராம் தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர்.

கல்லூரிக்குப் போனார், மற்ற பாடங்களில் தவறினார். உதவித்தொகையும் போயிற்று. கணக்கை மட்டும் விடவில்லை. காகிதம் வாங்கக் காசு ஏது? சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். (அழிந்ததில் என்னென்ன இருந்ததோ!)

1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. சட்டதிட்டம் பார்க்காமல் உழைப்பைப் பார்த்தார்களே, அதுதான் பெரிய மனசு. அதுவரை பார்த்துவந்த துறைமுகக் குமாஸ்தா வேலைக்கு விடுப்பு போட்டார். அப்புறம் காலையிலிருந்து கணக்குதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுத்தால் போதும்.