கருக்கலைப்புக்குப் பின் உடல் தேறுதல்



கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் கருக்கலைப்பைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். உடலைப் பற்றிய அறிவையும் கல்வியென்றே நாம் கொள்கிறோம்.

பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று பேணும் நம் வீடுகள், கரு கலைந்தவளை அவ்வாறு பேணுவதில்லை. மறுநாளே அவள் நடவுக்கோ சித்தாள் வேலைக்கோ சென்றுவிடுகிறாள். குருதித் துணியை இருட்டில் அலசி, வெயில் படாத மூலையில் உலர்த்துகிறாள். ஈரம் காயாத துணியில் நோய்க்கிருமிகள் தங்கும்.

உதிரப்போக்கு எத்தனை நாள் இருக்கும்? மாத்திரையால் கலைத்தால், இரண்டாம் மருந்தை உட்கொண்ட சில மணி நேரத்தில் மாதவிலக்கினும் மிகுதியாக, கட்டிகளுடன் குருதி வெளிப்படும், அடிவயிறும் நோகும். பின்னர் படிப்படியாகக் குறைந்து ஏறத்தாழ இரண்டு வாரம் கசியும். சிலருக்கு ஒரு மாதம் வரையிலும் நீடிக்கலாம். மருத்துவர் உறிஞ்சு கருவியால் கலைத்திருந்தால் போக்கு பெரும்பாலும் குறைவே. விட்டு விட்டு வருவதும் இயல்புதான்.

அஞ்ச வேண்டியவை வேறு. ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின்கள் முழுதும் நனைந்து, அடுத்த மணி நேரத்திலும் அவ்வாறே ஆதல். ஒரு நாளைக்கு மேல் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, தாளாத வயிற்றுவலி, மயக்கம். கருவின் எச்சம் உள்ளே தங்கியிருக்கலாம். கருப்பையில் நோய் தொற்றியிருக்கலாம். 'உடற்சூடு, தானே அடங்கும்' என்று மோர் கொடுத்துப் படுக்க வைப்பது உயிருக்கே தீங்காய் முடியும். உடனே 108 ஊர்தியை அழையுங்கள். கடையில் வாங்கிய மாத்திரையாயினும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கணவன் கையெழுத்துக் கேட்பார்களே என்று அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாதவர் உளர். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு அவளது ஒப்புதல் ஒன்றே போதும். சட்டம் அனுமதித்தவர் அல்லாத பிறரிடம் அவள் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு, 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை இருந்தது. இருக்கும் குருதியே குறைவென்றால் இழந்ததை ஈடுசெய்ய நாளாகும். இத்தகையவளுக்குப் பத்தியம் என்று சோறும் குழம்பும் குறைப்பது அறியாமை. ஈரலும் மாட்டிறைச்சியும் இரும்புச்சத்து மிக்கவை. அவற்றை இழிவென்போர் நம் பெண்களின் சோகையைத் தீர்க்க வரப்போவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை விலையின்றிக் கிடைக்கிறது. அதைத் தேநீருடன் விழுங்கலாகாது. எலுமிச்சைச் சாறு நன்று.

இன்னொன்று பலர் அறியாதது. அடுத்த மாதவிலக்கு வர நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம். ஆனால் கலைந்த இரண்டு வாரத்திற்குள்ளேயே மறுபடியும் கருத்தரிக்கக்கூடும். ஆகவே மாதவிலக்கு வரட்டும் என்று காத்திராமல் கருத்தடை முறையொன்றை மேற்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் ஆணுறையும் விலையின்றிக் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் ஆடவர்கள். பின்வரிசையில் இப்பொழுது நகைத்துக்கொண்டிருக்கும் இளைஞர்களும் அவர்களுள் அடங்குவர்.