ஒரே நிறத்தில் இரண்டு வீடுகள்



கொழும்பில், வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் ஃபைபர் இணைப்போடு அலுவலக வேலை பார்க்கும் குடும்பம் ஒன்று. கொட்டாஞ்சேனை ஒழுங்கை ஒன்றில் ஒரே கைபேசிக்கு ரீலோட் போட்டு மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய் ஒருவர். இணையச் சேவை எட்டும் இடங்களைக் காட்டும் வரைபடத்தில் இரண்டு வீடும் ஒரே நிறம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, முதல் வீட்டில் பாடம் தொடர்ந்தது. இரண்டாவது வீட்டில் மூத்தவள் பாடத்தை முடிக்கும்வரை இளையவர்கள் காத்திருந்தார்கள். அதற்குள் டேட்டா தீர்ந்தது.

சிக்னல் எட்டுகிறதா என்பதோடு கணக்கு நின்றுவிடக் கூடாது. வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலுள்ள லர்ன்ஏஷியா ஆய்வு நிறுவனம் சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து, 2008 வாக்கில் அகலப்பட்டை இணையத்தின் தரத்தை அளக்க ஒரு முறையை உருவாக்கியது. காலை முதல் இரவுவரை பல நேரங்களில் சோதிப்பார்கள். இணையச் சேவை தரும் நிறுவனத்தின் சொந்த சேர்வர்வரை, நாட்டுக்குள், வெளிநாட்டு சேர்வர்வரை என்று தனித்தனியாக அளப்பார்கள். தடை எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும். விளம்பரத்தில் வரும் ஒற்றை எண் இதைச் சொல்லாது.

விலையும் அப்படித்தான். அடிப்படை இணையச் செலவு தலா மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்று ஐ.நா. அகலப்பட்டை ஆணைக்குழு 2018இல் இலக்கு வைத்தது. ஆனால் அந்த வருமானம் நாட்டின் சராசரி. மாதம் 60,000 ரூபா உழைக்கும் குடும்பத்துக்கு 2 சதவீதம் என்றால் 1,200 ரூபா. அதற்குள் எத்தனை கைபேசிகளுக்கு ரீலோட் போடலாம்? நாளாந்தக் கூலிக்காரர் மாத டேட்டாப் பொதிக்கு மொத்தமாகக் காசு கட்ட முடியாமல், சிறு பொதிகளைத் திரும்பத் திரும்ப வாங்குகிறார். அந்தச் செலவு எந்தச் சராசரியிலும் தெரிவதில்லை.

ஆகவே நாட்டுச் சராசரியோ மாவட்டக் கணக்கோ போதாது. கிராம அலுவலர் பிரிவு வாரியாக எத்தனை வீடுகளில் நிலையான இணைப்பு உண்டு, மாலையில் வேகம் என்ன, வீட்டார் உண்மையில் கட்டும் தொகை என்ன என்பவை எவரும் பார்க்கும்படி மும்மொழியிலும் வெளிவரவேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் இவற்றைக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு பிரசைக்கும் வழி தந்திருக்கிறது. உங்கள் ஒழுங்கைக்காக நீங்களே எழுதிக் கேளுங்கள். கணக்கில் வராத வீட்டுக்கு எந்தத் திட்டமும் வந்து சேராது.