திறந்தவெளியும் உயிர்க்காப்பும்

(சாம்பியன் ரீப்ஸில் மாணவர்கள், அலுவலர்களிடையே ஆற்றிய உரை)



காலியாகக் கிடக்கும் மைதானத்தை வருவாயற்ற நிலம் என்று கணக்கிடுவது நம் வழக்கம். பொருளியல் பயின்ற நானும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதினேன். ஆனால், பேரிடர் நாளில் அந்நிலத்தின் பயன் ரூபாயால் அன்று, உயிர்களால் அளக்கப்படுகிறது.

நில அதிர்வு இவ்வூராருக்குப் புதிதன்று. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பெரும் பாறை வெடிப்புகள் நேர்ந்தபோது மேலே கட்டடங்களும் சேதமுற்றன. இவ்வதிர்வுகளை ஆராய 1978-இல் தங்கவயலில் பதிவுக் கருவிகளின் வலையமைப்பு நிறுவப்பட்டது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும், நீர் நிரம்பிய சுரங்கங்களிலிருந்து அதன் பின்னரும் அதிர்வுகள் பதிவாகியுள்ளன.

அதே ஆண்டு ஜனவரி 26-இல் குஜராத் நிலநடுக்கத்தில் புஜ் நகர மருத்துவமனை இடிந்தது. ஜூபிலி மைதானமே காயமுற்றோருக்குச் சிகிச்சைக் களமாயிற்று.

எனினும், வெற்றிடம் மட்டும் போதாது. 1923-இல் டோக்கியோவில் நிலநடுக்கத்தை அடுத்துத் தீ பரவியது. பழைய ராணுவ உடைக் கிடங்குத் திடலில் மூட்டை முடிச்சுகளோடு திரண்டவர்களில் ஏறத்தாழ 38,000 பேர் தீச்சுழலில் மாண்டனர். மரங்களும் குளமும் கொண்ட கியோசுமி தோட்டத்தில் புகுந்த பலர் உயிர் பிழைத்தனர்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? இங்கும் வெளிகள் பல உண்டு, எல்லாம் புகலிடமாகா. சயனைடு மலைகளின் அடிவாரம் தூசு நிறைந்தது. பழைய சுரங்க வாய்களின் அருகே நிலம் நம்பத்தக்கதன்று. ஆகவே, லைன் வீடுகளிலிருந்து நடந்தே சென்றடையத்தக்க உறுதியான மைதானங்களை வல்லுநர் துணையுடன் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓரங்களில் நிழல் மரங்கள், குடிநீர், கழிப்பிடம், விளக்கு, இரு திசைகளிலும் அகன்ற வழி ஆகியவை அங்கு இன்றியமையாதவை. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி தயாரிக்கப்படும் மாவட்டத் திட்டத்தில் இவ்விடங்களைக் குறிப்பிட வேண்டும். ஆண்டுக்கொரு முறை மாணவர்கள் ஒத்திகை நடத்தி, முதியோரையும் குழந்தைகளையும் அங்கு அழைத்துச் செல்லப் பழக வேண்டும்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மைதானத்தை மனைகளாகப் பிரிக்கும் கோப்பு மேசைக்கு வரும்போது, அதைச் சுற்றி வாழும் மக்கள் ஆபத்து வேளையில் எங்கே கூடுவார்கள் என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அதற்கு விடை கிடைக்கும் வரை கையொப்பமிட வேண்டாம்.