இல்லத்தில் கற்பிக்கும் அமெரிக்க வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே இல்லத்தில் கல்வி புகட்டும் வழக்கம் உண்டு. ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் இதற்கு இடந்தருகிறது. விதிகள்தாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கணிதம் கற்பிப்பதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. உயர்நிலைப் பள்ளிப் பருவத்து மகனுக்கு நாட்டு வரலாற்றைக் கற்பிக்கும்போதுதான் இடர் தோன்றுகிறது. வகுப்பில் முப்பது பேர் இருந்தால், ஆசிரியரை மறுத்துரைக்க ஒருவனேனும் எழுவான். இல்லத்திலோ சொல்பவரும் ஒருவர், கேட்பவனும் ஒருவன். தாயின் கருத்தே வரலாறாகிவிடும்.

இக்குறையைப் பழைய ஆவணங்களைக் கொண்டு நீக்கலாம் என்பது என் எண்ணம். நேயர்களே, ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். 1776இல் விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவர் தாமஸ் ஜெபர்சன். மாந்தர் யாவரும் சமம் என்று எழுதிய அவர், தம் வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமைகளாக உடைமை கொண்டிருந்தவர். இதைத் தாய் எடுத்துச் சொன்னால் மகன் கேட்டுக்கொள்வான், அவ்வளவே. ஜெபர்சனின் முதல் வரைவையும் இறுதிப் படியையும் அவன்முன் அருகருகே வைத்துப் பாருங்கள். அடிமை வாணிகத்தைக் கண்டித்த பகுதி ஒன்று இறுதிப் படியில் இல்லாமையை அவனே கண்டுபிடிப்பான். "இதை யார் அம்மா நீக்கினார்கள்?" என்று கேட்பான். தென் கரோலினா, ஜார்ஜியா ஆகியவற்றின் மனம் கோணாதிருக்க மாமன்றம் நீக்கியது என்று ஜெபர்சனே குறித்து வைத்திருக்கிறார். அவ்வாணிகத்தில் பங்குகொண்ட வடபுலத்தார்க்கும் அக்கண்டனம் உறுத்திற்றாம்!

அடுத்து, 1787ஆம் ஆண்டின் அரசியலமைப்பு. அதில் 'அடிமை' என்னும் சொல்லைத் தேடச் சொல்லுங்கள், கிடைக்காது. பிரதிநிதிகளின் தொகையைக் கணக்கிட, 'ஏனையோர்' ஐவரை மூவராக எண்ணும் விதி கிடைக்கும். 'அடிமைமுறை' என்னும் சொல் அதில் முதன்முதல் இடம்பெற்றது, அம்முறையை ஒழித்த 1865ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

இவ்வளவும் படித்த பின் பிரடெரிக் டக்ளசிடம் வரலாம். அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பியவர் அவர். 1852 ஜூலை 5ஆம் நாள் ராச்செஸ்டர் நகரில் பேசுகையில், விடுதலைத் திருநாள் உங்களுடையது, என்னுடையதன்று என்று அவையோரிடமே கூறினார். அதே உரையில், அரசியலமைப்புக்கு நேரிய பொருள் கொண்டால் அது விடுதலைக்கே அரண் என்றும் வாதிட்டார். இவ்விடத்தில் மாணவன் திகைப்பான். தாய் விரைந்து விடை கூறலாகாது. கடினம்தான், எனினும் ஆகாது. ஒரு வாரம் கழித்து அவன் எழுதிவரும் கட்டுரை தம் கருத்துக்கு மாறாயிருப்பின், அதற்காக மதிப்பெண் குறைத்தலும் ஆகாது.