நுவரெலியாவில் இரண்டு இரவுகள்

தமிழர் வாழ்வில் பயணம் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கோயில் திருவிழா ஒரு காரணம். உறவினர் வீட்டுத் திருமணம் ஒரு காரணம். துக்கம் விசாரிப்பது மற்றொரு காரணம். இவற்றுள் ஒன்றும் இல்லாமல், கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் ஓர் ஊருக்குச் சென்று, இரண்டு இரவு தங்கி, இளைப்பாறித் திரும்புவது செல்வர்க்கே உரிய செயல் என்று எண்ணுவோர் இன்றும் பலர். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை நுவரெலியா நகரை முன்வைத்து ஆராய்வது பயனுடையதாகும்.

கொழும்பில் வேலை பார்க்கும் ஓர் இளந் தம்பதியரைக் கற்பனை செய்துகொள்ளலாம். கணவர் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுபவர். மனைவி ஒரு மருந்துக்கடையில் பணி செய்பவர். இருவரும் பிறந்தது தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஊருக்குச் செல்வார்கள். அங்கே லயத்து அறைகளில் உறவினர் நிறைந்திருப்பர். இருவரும் தனித்திருந்து பேச இடமும் இராது, பொழுதும் இராது. கொழும்பிலோ, ஒருவர் வீடு திரும்பும் வேளையில் மற்றவர் களைத்து உறங்கிப் போயிருப்பார். இந்நிலையில், நுவரெலியாவுக்கு ஒருமுறை போய்வரலாமா என்று மனைவி கேட்கிறார். "பிறந்து வளர்ந்த மலையைக் காசு கொடுத்துப் பார்ப்பதா?" என்று மாமியார் வியக்கிறார்.

மாமியாரின் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. நுவரெலியா ஓய்வுக்கென்றே அமைந்த நகரம். ஆனால் அது வேறு சிலரது ஓய்வுக்காக அமைந்தது. கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் இவ்விடத்தின் குளிர், இங்கிலாந்தின் நினைவை ஊட்டியதால் ஆங்கிலேய அதிகாரிகளை ஈர்த்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே தமக்கு ஒரு மாளிகை கட்டினார். 1840களின் பிற்பகுதியில் சாமுவேல் பேக்கர் என்பவர் இங்கே குடியேற்றம் அமைத்து, ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட முனைந்தார். 1873இல், வில்லியம் கிரெகரி ஆளுநராயிருந்த காலத்தில், அவர் பெயர் தாங்கிய ஏரி உருவாயிற்று. குதிரைப் பந்தயத் திடலும் துரைமாரின் கழகமும் பின்னர் எழுந்தன. அவர்கள் ஓய்வெடுத்த அதே ஆண்டுகளில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் சுற்றுமலைகளில் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உழைத்தனர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த அம்மக்களுள், எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. அவர்களின் பேரனும் பேத்தியும் அதே ஏரிக்கரையில் விருந்தினராய் நடப்பது வீண் ஆடம்பரம் ஆகாது. பல தலைமுறை தாமதித்துக் கிடைத்த ஓய்வு அது. ஆயினும் அந்த ஓய்வு கடனில் முடியக் கூடாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது முதியோர் மொழி.

அளக்க வேண்டியவற்றுள் முதலாவது காலம். நுவரெலியாவில் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் நாட்காட்டியே. ஏப்ரல் மாதத்து வசந்த விழாவின்போது நகரில் காலூன்ற இடமிராது; அறை வாடகை பன்மடங்கு உயரும். நத்தாரை ஒட்டிய டிசம்பர்க் கடைசி வாரமும், போயா விடுமுறையோடு வார இறுதி சேர்ந்து வரும் நாட்களும் ஏறத்தாழ அவ்வாறே. தைப்பொங்கல் கழிந்து, ஜனவரிப் பிற்பகுதியிலிருந்து பெப்ரவரி முடிய உள்ள நாட்களில் வடகீழ்ப் பருவமழை தணிந்துவிடும், வானம் தெளியும், கூட்டம் குறையும். அதிலும் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களைத் தேர்ந்தால், கேட்ட வாடகையில் சற்றுக் குறைத்துத் தருமாறு கூச்சமின்றிக் கேட்கலாம்.

அக்காலத்தில்தான் குளிரும் மிகும். மேகமற்ற இரவில் நிலம் பகலில் பெற்ற வெப்பத்தை வானுக்கு விரைவாக இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே அது மலைச்சரிவுகளில் வழிந்து, பீதுருதலாகல மலையின் அடியிலுள்ள நகரத்துப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் சில விடியல்களில் வெப்பநிலை ஐந்து பாகை செல்சியசுக்கும் கீழே இறங்க, புல்வெளிகளில் உறைபனி வெண்மணலைத் தூவியதுபோல் படிகிறது. கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில் அது மறைந்துவிடும். அக்காட்சிக்குக் கட்டணம் இல்லை. விடியுமுன் எழுவதே அதன் விலை.

இரண்டாவதாக அளக்க வேண்டியது பணம். ஆறு மாதத்திற்கு முன்னரே ஒரு சிறு சீட்டில் சேர்ந்தோ, மாதந்தோறும் ஓர் உறையில் இட்டு வைத்தோ சேமிப்பது நன்று. சேர்ந்த தொகையை ஐந்து பங்காக்கி, இரண்டு பங்கைத் தங்குமிடத்திற்கும், ஒரு பங்கைப் போக்குவரத்திற்கும், ஒரு பங்கை உணவுக்கும் நுழைவுக் கட்டணங்களுக்கும் ஒதுக்கலாம். ஐந்தாம் பங்கு மூடிய உறையிலேயே இருக்க வேண்டும். மண்சரிவால் பாதை தடைப்பட்டு ஓரிரவு கூடுதலாகத் தங்க நேர்ந்தாலும், ஒருவருக்குக் காய்ச்சல் கண்டாலும் அந்த உறை உதவும். ஒன்றும் நேராவிட்டால் அதுவே அடுத்த பயணத்தின் முதல் சேமிப்பு.

போக்குவரத்தில் இரண்டு வழிகள் உண்டு. கொழும்புக் கோட்டையிலிருந்து மலைநாட்டுப் புகையிரதத்தில் நாவலப்பிட்டி, ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலை வழியாக நானுஓயா வரையில் சென்று, அங்கிருந்து நகரத்திற்குச் சில மைல்களைப் பஸ்வண்டியில் கடப்பது ஒரு வழி. மூன்றாம் வகுப்பின் கட்டணம் சிறிது; சாளரத்தில் தோன்றும் காட்சியோ எல்லா வகுப்பினர்க்கும் ஒன்றே. கொட்டகலைக்கு அப்பால் டெவன் அருவியும் சென் கிளயர் அருவியும் தாமே வந்து எதிர்கொள்ளும். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் பெருமழையும் மண்சரிவுகளும் மலையக இருப்புப்பாதையைப் பெரிதும் சிதைத்தன. ஆகவே எந்த வண்டி எந்த நிலையம் வரையில் ஓடுகிறது என்பதைப் புறப்படுமுன் கேட்டறிவது அவசியம். மற்றொரு வழி பஸ்வண்டி. அவிசாவளை, ஹற்றன் வழியாகவோ, கண்டி, றம்பொடை வழியாகவோ நகரை அடையலாம். இவ்விருவருக்கு ஹற்றன் வழியே உகந்தது. அது அவர்கள் ஊர் வழி. ஆயினும் போகும்போது உறவினர் வீட்டில் இறங்கினால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். திரும்பும்போது இறங்குவதே அறிவுடைமை.

தங்குமிடம் தேடுமுன் ஒரு விசாரணை செய்யலாம். அரச திணைக்களங்கள், வங்கிகள், சபைகள் பலவும் தத்தம் ஊழியர்க்கென நுவரெலியாவில் விடுமுறை இல்லங்கள் வைத்திருக்கின்றன. குடும்பத்தில் எவரேனும் அவ்வாறான பணியில் இருப்பின், குறைந்த கட்டணத்தில் ஓர் அறை கிடைக்கலாம். இல்லாவிடில் ஏரியைப் பார்த்த அறையை விட்டு, சந்தைக்கும் பஸ் நிலையத்திற்கும் நடக்கும் தூரத்திலுள்ள சிறு விடுதியைத் தேர்வது நன்று. ஏரியை நடந்து சென்றே பார்க்கலாம். அறைக்குள்ளிருந்து பார்ப்பதற்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: வெந்நீர் உண்டா, கம்பளிப் போர்வை எத்தனை, சாளரக் கதவு நன்றாக மூடுமா? கொழும்பில் இவை அற்பக் கேள்விகள். பனி விழும் இரவில் இவையே உறக்கத்தைத் தீர்மானிப்பவை.

குளிர் உடைக்குக் கொழும்பில் பெருந்தொகை செலவிட வேண்டா. நுவரெலியா நகரிலேயே பேல் பஜார் என்று வழங்கும் கடைவரிசையில் கம்பளிச் சட்டைகளும் தொப்பிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் முதல் மாலைக்கு வேண்டிய ஒரு தடித்த சட்டையும் காலுறையும் கையில் இருத்தல் வேண்டும். இதில் சிக்கனம் பிடித்து நடுங்கியவர், இரவு முழுவதும் அறைக்குள்ளேயே அடங்கிக் கிடக்க நேரும்.

இனி நாட்களைப் பங்கிடலாம். வந்து சேர்ந்த மாலையில் 1894இல் கட்டப்பட்ட செங்கல் தபாற்கந்தோர் வரையில் ஒரு நடை. அங்கிருந்து மாமியாருக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பினால், அவரது வினாவிற்கு அதுவே பாதி விடையாகும். இரண்டாம் நாள் விடியலில் ஏரிக்கரைப் பனி. பின்னர் விக்டோரியாப் பூங்கா. குளிர்காலத்தில் அப்பூங்காவிற்கு வேறு விருந்தினரும் உண்டு. இமயத்துச் சாரலில் கோடையைக் கழித்த காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்னும் சிறு பறவை, இந்தியா முழுவதையும் கடந்து வந்து, இங்கே மாரிக்காலத்தைப் போக்குகிறது. ஒரு மர நிழலில் அரைமணி அசையாதிருக்கும் பொறுமை உள்ளவர்க்கு அது கண்ணிற்படும்.

முற்பகலில் வெலிமடைப் பக்கம் செல்லும் பஸ்வண்டியில் ஏறினால், வழியில் சீத்தாஎலிய. அங்கே ஓடைக்கரையில் சீதையம்மன் கோயில். அதற்கு அப்பால் ஹக்கலைப் பூங்கா. மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சின்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்க்க 1861இல் தொடங்கிய இடம் அது. இன்று பூக்களும் பெரணிகளும் நிறைந்த பூங்கா. மதிய உணவைக் கட்டிக்கொண்டு போனால் பிற்பகல் முழுவதையும் அங்கே கழிக்கலாம். ரொட்டியும் கட்டைச் சம்பலும் அக்குளிரில் அமிர்தம்.

மூன்றாம் நாட்காலை, நகரை அடுத்துள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தை வாட்டி, உருட்டி, நிறமேற வைத்து, உலர்த்தி, தரம் பிரிக்கும் முறையை அங்கே காணலாம். இவர்கள் தோட்டத்துப் பிள்ளைகளாயினும் தொழிற்சாலையின் உள்ளே சென்றிராதவர்களாய் இருக்கக்கூடும். ஜனவரி முதல் மார்ச் வரையில் வீசும் குளிர்ந்த வறண்ட காற்று கொழுந்தின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. மெல்ல வளர்ந்த கொழுந்தில் மணம் செறிகிறது. அறையை மலிவாக்கும் அதே பருவம் தேநீரை மேன்மையாக்குகிறது என்பது நினைக்க இனியது.

விட்டுவிட வேண்டியவையும் சில உண்டு. ஹோட்டன் சமவெளிக்கு விடியுமுன் தனி வாகனம் அமர்த்த வேண்டும். அவ்வாடகை இருவர்க்கு மிகுதி. வேறு பயணிகளோடு பங்கிட இயலாவிடில் அதை மற்றொரு முறைக்கு வைக்கலாம். டிசம்பர் முதல் மே வரையில் சிவனொளிபாதமலைப் பருவம். ஹற்றனிலிருந்து அங்கும் செல்லலாமே என்று மனம் தூண்டும். அதற்குத் தனிப் பயணமே தகும். இரண்டு இரவில் எல்லாவற்றையும் காண முயல்வோர் செலவைப் பெருக்கி ஓய்வை இழப்பர்.

சுருக்கக் கூடாத செலவும் ஒன்று உண்டு. சிக்கனம் தம்முடைய ஆசையை ஒறுப்பதாக இருக்க வேண்டுமே அன்றிப் பிறருடைய கூலியைக் குறைப்பதாக இருத்தல் ஆகாது. தெருவோரத்தில் கரட்டும் லீக்சும் கட்டுக்கட்டாக வைத்து விற்கும் பெண்ணிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசி மிச்சம் பிடிப்பது சேமிப்பன்று. மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவரின் வேலை நிறுவையால் அளக்கப்படுகிறது. படம் பிடிப்பதற்காக அவரை நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய நாட்கூலியோடு தொடர்புடையது. கேளாமற் படம் பிடிப்பதும், கூப்பிட்டு நிற்கச் சொல்வதும் விருந்தினருக்கு அழகல்ல. 2025ஆம் ஆண்டு மண்சரிவில் உறவையும் வீட்டையும் இழந்த குடும்பங்கள் இம்மலைகளில் பல. நியாயமான விலை கொடுத்து வாங்கும் ஒரு கூடைக் காய்கறியும், சிறு கடையில் அருந்தும் ஒரு பிளேன்டீயும் அவர்கள் நடுவே பணத்தைப் புழங்கச் செய்யும்.

திரும்பும் வழியில் இவ்விருவரும் தலவாக்கலையில் இறங்குவார்கள். மாமியார் வாசலில் நிற்பார். கொழுந்துக் கூடையைத் தலையில் கட்டியே முப்பது ஆண்டைக் கழித்த அவரிடம், மருமகள் ஒரு பொதி நல்ல தேயிலையைக் கொடுப்பார். அதைத் தாமே ஊற்றி, அவரை உட்கார வைத்துக் கொடுப்பது இன்னும் சிறந்தது. மூடிய உறையில் எஞ்சியிருக்கும் ஐந்தாம் பங்கில் அடுத்த ஆண்டு யார் நுவரெலியா செல்வது என்ற பேச்சு அப்பொழுது எழக்கூடும். தம் வாழ்நாளில் ஒரு நாளும் அந்த ஏரியைச் சுற்றி நடந்தறியாத மாமியாரும் மாமனாருமே அந்த இருவராக அமைவாராயின், பயணத்தின் கணக்கு அன்று சரியாக முடியும்.